உடைந்த முடியோடு மூன்றரை ஆண்டுகள்

2019 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னை சோழிங்கநல்லூரில் நான் குடியிருந்த வாடகை வீட்டின் படுக்கையறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, முறத்தில் சேர்ந்திருந்த முடிகளைப் பார்த்துத் திகைத்து நின்றேன். அப்போது என் கூந்தல் இடுப்பைத் தொடும் நீளம். ஆனால் முறத்தில் கிடந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டு விரற்கடை, மூன்று விரற்கடைத் துண்டுகள். ஒன்றை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வேரோடு விழுந்த முடியென்றால் ஒரு முனையில் கடுகைவிடச் சிறியதாக ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கும். இதில் இரண்டு முனைகளிலும் அப்படி எதுவும் இல்லை. நடுவில் மட்டும் உப்புப் பரல் ஒட்டியதுபோல ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. நகத்தால் தட்டினேன், போகவில்லை. அந்த இடத்தில் இலேசாக வளைத்தேன். அங்கேயே இரண்டாக முறிந்தது.

அதுவரை மூன்று வாரங்களாக எல்லாரிடமும் முடி கொட்டுகிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். முடி கொட்டுவதற்கான தைலங்களைத்தான் வாங்கி உச்சந்தலையில் தேய்த்துக்கொண்டிருந்தேன். கொட்டுவது வேர்க்காலைச் சார்ந்தது, உடைவது வெளியே வந்துவிட்ட தண்டைச் சார்ந்தது என்ற வேறுபாடு தெரியாமல் அந்த மூன்று வாரங்களும் வீணாயின. எனவே முடிக்குக் கேடு வந்திருக்கிறது என்று ஐயப்படும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: சீப்பில் வந்த முடிகளில் இருபதை ஒரு வெள்ளைத் தாளின்மேல் பரப்பி, முழு நீளமா துண்டா, முனையில் குமிழ் உண்டா இல்லையா என்று பாருங்கள். நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடிகள் வரை குமிழோடு விழுவது இயல்பு. குமிழில்லாத துண்டுகள் மிகுந்தால் எந்தத் தைலமும் உதவாது. அன்றாடம் முடியை நாம் நடத்தும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

எனக்கு இது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு சனவரியில் கூந்தலின் பாதி நீளத்துக்குப் பழுப்புச் சாயம் ஏற்றியிருந்தேன். மே மாதம் அக்காவின் திருமணத்துக்காக, இயற்கையிலேயே சுருண்ட என் முடியை நேராக்கிக்கொள்ள ஓர் அழகு நிலையத்துக்குச் சென்றேன். சாயம் ஏற்றி எத்தனை மாதமாயிற்று என்று அங்கிருந்த பெண் கேட்டார். நான்கு மாதம் என்றேன். அப்படியானால் பரவாயில்லை என்று வேலையைத் தொடங்கிவிட்டார். ஐந்து மணி நேரம் ஆயிற்று. ஏழாயிரம் ரூபாய் ஆயிற்று. திருமணத்தில் எல்லாரும் பாராட்டினார்கள். பளபளவென்று அருவிபோல விழுந்த அந்த முடி எனக்கும் மிகவும் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அன்று என் முடிக்குள் நடந்ததைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். முடி என்பது கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன்மேல் மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய செதில் அடுக்குகள் போர்வையாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீரை விலக்கும் மிக மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று இருக்கிறது. முடியை நிறமிழக்கச் செய்யும் பெராக்சைடு அந்தக் கொழுப்புப் படலத்தை அகற்றிவிடுகிறது. சாயத்தோடு சேர்க்கப்படும் அம்மோனியா செதில்களைத் தூக்கிவிடுகிறது. நிரந்தரமாக நேராக்கும் பசை இன்னும் உள்ளே சென்று, முடிக்கு வடிவத்தையும் வலுவையும் தரும் கந்தகப் பிணைப்புகளை அறுக்கிறது. பிறகு சூட்டுக் கருவியால் நேராக இழுத்து, இன்னொரு திரவத்தால் பிணைப்புகளை மீண்டும் சேர்க்கிறார்கள். அறுந்தவை எல்லாம் திரும்பச் சேர்வதில்லை. ஏற்கெனவே சாயத்தால் பாதி இழந்திருந்த முடியில் இதைச் செய்தால் எஞ்சுவது, மேலே பளபளப்பும் உள்ளே பொத்தலுமான ஒரு நார். நான்கு மாதம் கடந்ததால் எதுவும் மாறிவிடுவதில்லை. சாயம் ஏறிய பகுதி வளர்ந்து வெட்டப்படும்வரை அது சாயம் ஏறிய பகுதிதான்.

அதோடும் விட்டேனா என்றால் இல்லை. ஈரம் முழுவதும் காயாத முடியில், அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதென்று வாரத்தில் நான்கு நாள் சூட்டுக் கருவியை இழுத்தேன். ஈர முடியில் அந்தச் சூடு படும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கொப்புளம்போல உப்பித் தண்டைச் சிதைக்கிறது. கருவியிலிருந்து சீறிக்கொண்டு எழும் அந்த ஆவியை நான் ஏதோ முடி படிகிறது என்பதன் அடையாளமாக எண்ணியிருந்தேன். சீறல் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

செப்டம்பரில் தோல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். அவர் உருப்பெருக்கிக் கருவியால் தண்டைப் பார்த்து, அந்த வெள்ளைப் புள்ளிகள் முடி நைந்து, துடைப்பக் குச்சிகள்போல இழை இழையாகப் பிரிந்த இடங்கள் என்று விளக்கினார். இரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்தும் குறைவாக இருந்ததால் அதற்கு மாத்திரை கொடுத்து, காப்பி, தேநீரோடு சேர்த்து விழுங்கக் கூடாது என்றார். ஆனால் அந்த மாத்திரை இனி முளைக்கும் முடிக்குத்தான் பயன்படும் என்பதைத் தெளிவாகச் சொன்னார். "வெளியே வந்துட்ட முடி உயிரில்லாதது. நகம் மாதிரி. ஒடைஞ்ச நகத்தை யாராலயும் ஆத்த முடியாதில்லையா? அது வளர்ற வரைக்கும் பத்திரமா வச்சுக்கிறதுதான் வைத்தியம்" என்றார். மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும் என்ற கணக்கையும் அவர்தான் சொன்னார். மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும் என்று அந்த இடத்திலேயே மனத்துக்குள் கணக்குப் போட்டுக் கண் கலங்கிவிட்டது.

அவர் அவ்வளவு சொல்லியும், அடுத்த சில மாதங்களில் முடியைச் சீராக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட பொருள்களுக்கு நிறையச் செலவழித்தேன். அவற்றைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். கண்டிஷனர் வீண் இல்லை. கேடுற்ற முடியில் எதிர்மின்னேற்றம் மிகுதி, கண்டிஷனரில் நேர்மின்னேற்றமுள்ள மூலக்கூறுகள் இருக்கின்றன, அதனால் எங்கே கேடு மிகுதியோ அங்கேயே அவை அதிகம் படிகின்றன. சிலிக்கோன் கலந்த சீரமும் எனக்கு உதவியது. அதை நஞ்சுபோலப் பேசுவது தேவையற்ற அச்சம் என்பது என் கருத்து. அது முடிக்கும் முடிக்கும் இடையிலான உராய்வைக் குறைக்கிறது. உராய்வு குறைந்தால் முறிவு குறைகிறது. ஆனால் பிளந்த நுனியை ஒட்டவைக்கும் என்று எழுதியிருப்பதை நம்பக் கூடாது. ஒட்டுகிறது, அடுத்த முறை தலைக்குக் குளிக்கும்வரை. பிளந்த நுனிக்கு ஒரே மருந்து கத்தரிக்கோல். வெட்டாமல் விட்டால் பிளவு மேல்நோக்கி ஏறிக்கொண்டே போகும்.

உண்மையான மாற்றம் 2020 மார்ச்சில், ஊரடங்குக்காக என் ஊரான கோபிசெட்டிபாளையத்துக்குத் திரும்பியபோது தொடங்கியது. போன மறுநாள் காலையில் அம்மாயி (அம்மாவின் அம்மா) என் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, முடி கத்தாழை நாராட்டம் கெடக்குது?" என்று கேட்டார். பிறகு திண்ணையில் முன்னால் உட்காரவைத்துச் சிக்கெடுக்கத் தொடங்கினார். நான் அதுவரை உச்சியில் சீப்பை வைத்துக் கீழே இழுக்கிறவள். அம்மாயி கூந்தலை நான்கு பாகமாகப் பிரித்து, ஒரு பாகத்தை இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிடிக்குக் கீழே நுனியில் ஒரு சாண் மட்டும் முதலில் சீவினார். அது சீராகச் சென்றதும் பிடியை ஒரு சாண் மேலே நகர்த்தினார். சிக்கு அகப்பட்ட இடத்தில் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு விரல்களால் அந்த முடிச்சை அகல விரித்து, ஒவ்வோர் இழையாகப் பக்கவாட்டில் உருவினார். இடது கையின் பிடி இழுப்பைத் தாங்கிக்கொண்டதால் உச்சந்தலையில் வலி சிறிதும் தெரியவில்லை. முடித்தபோது சீப்பில் ஐந்தாறு முடிகளே இருந்தன. நானே சீவும் நாள்களில் ஒரு பந்து சேரும். ஏழாயிரம் ரூபாய்க்கும் பிற்பாடு வாங்கிய பொருள்களுக்கும் ஈடாக அந்த ஒரு முறையை மட்டும் ஓராண்டு முன்னே கற்றிருந்தால் பாதிக் கூந்தல் தப்பியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

சிக்கெடுப்பதை எப்போது செய்ய வேண்டும் என்பதும் முடியின் இயல்பைப் பொறுத்தது. நனைந்த முடி நிறைய நீளும், அந்த நிலையில் எளிதில் சிதையும்; ஆகவே நேரான முடியுள்ளவர்கள் முக்கால்வாசி காய்ந்த பிறகு சீவுவதே நல்லது. என்னைப்போலச் சுருள்முடி உள்ளவர்களுக்கு உலர்ந்தபின் சீவுவதுதான் கொடுமை; கண்டிஷனர் தடவிய வழுக்கலோடு, அகன்ற பல்லுள்ள சீப்பால், குளியலறையிலேயே எடுத்துவிடுகிறேன்.

கோபியில் கவனித்த இரண்டாவது விஷயம் தண்ணீர். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது பவானி ஆற்று நீர். பத்து நாளிலேயே முடியின் சொரசொரப்பு குறைந்தது. சோழிங்கநல்லூர் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். வாளி விளிம்பிலும் குழாய் முனையிலும் வெள்ளைப் பொருக்குப் படிந்திருக்கும். அந்தச் சுண்ணாம்பும் மக்னீசியமும் முடியிலும் படிகின்றன என்பது ஏனோ எனக்குத் தோன்றியதே இல்லை. சாயத்தாலும் பசையாலும் பொத்தலான முடி அவற்றை இன்னும் அதிகமாக ஈர்த்துக்கொள்ளும். ஊரடங்கு தளர்ந்து 2021 தொடக்கத்தில் சென்னை திரும்பியதும், நீரிலுள்ள உப்பை அளக்கும் பேனா ஒன்று வாங்கிச் சோதித்தேன். லிட்டருக்கு 1,400 மில்லிகிராமை ஒட்டிக் காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்கதென வகுத்த அளவு 500. வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 2,000 வரை அனுமதிக்கிறது. குழாயில் மாட்டும் வடிகட்டி ஒன்றுக்கு 1,800 ரூபாய் கொடுத்தேன். மாட்டிய பின்னும் பேனா அதே எண்ணைத்தான் காட்டியது. அத்தகைய வடிகட்டிகள் குளோரினையும் தூசியையும் ஓரளவு பிடிக்கலாம். சுண்ணாம்பாலும் மக்னீசியத்தாலும் வரும் கடினத்தன்மையை நீக்க வேண்டுமானால் உப்பிட்டுப் புதுப்பிக்கும் மென்மையாக்கி வேண்டும். வாடகை வீட்டில் அது எல்லாருக்கும் இயலாது. நான் கண்ட வழி எளியது. வழக்கமான நீரிலேயே தலைக்குக் குளித்துவிட்டுக் கடைசியாக இரண்டு லிட்டர் கேன் தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசுகிறேன். மாதம் ஒரு முறை, ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் கலந்து ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு அலசுகிறேன். எலுமிச்சையை நேரடியாகப் பிழிந்து தேய்க்கச் சிலர் சொல்வார்கள். அது தலைத்தோலை எரிச்சலூட்டும், வேண்டாம்.

மூன்றாவது விஷயம் எண்ணெய். தேங்காய் எண்ணெய் முடியை வளர்க்கும் என்று நான் சொல்லமாட்டேன். முடியைக் காக்கும் என்று உறுதியாகச் சொல்வேன். 2003 ஆம் ஆண்டு இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டபோது, கழுவும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. ஆகையால் தண்டுக்குள் நுழைகிறது. நுழைந்தபின் தண்ணீர் புகுந்து முடி ஊதிப்போவதைத் தடுக்கிறது. எண்ணெய் வைத்துவிட்டுத் தலை முழுகும் நம் வழக்கத்துக்குள் இந்தக் காரணம் இருந்திருக்கிறது. நான் செய்தது, முதல் நாள் இரவு இரண்டு தேக்கரண்டி எண்ணெயை, தலைத்தோலில் அல்லாமல் காதுக்குக் கீழுள்ள நீளத்தில் தடவித் தளர்வாகப் பின்னிக்கொண்டு தூங்குவது. பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெய் தேய்த்தால் அது மிகுதியாகலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

குளிக்கும்போது ஷாம்பூவைத் தலைத்தோலில் மட்டும் தேய்த்தால் போதும். வழிந்து வரும் நுரையே நீளத்தைக் கழுவிவிடும். கூந்தலை உச்சியில் குவித்துத் துணி துவைப்பதுபோலத் தேய்ப்பதுதான் சிக்கின் தாய். துவட்டுவதற்குப் பருமனான பூத்துவாலையைவிட மெல்லிய ஈரோட்டுத் துண்டே சிறந்தது. அதுவும் தட்டித் துவட்டாமல், சுற்றி அழுத்தி ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும். கூந்தலை முன்னால் போட்டுத் துண்டால் அடித்து உதறும் பழக்கம் எங்கள் வீட்டில் தலைமுறையாக உண்டு. பார்க்க அழகாக இருக்கும், கேடுற்ற முடி அதைத் தாங்காது. ஈரத்தோடு பின்னிக் கொண்டை போட்டு நாள் முழுவதும் வைத்திருப்பதும் அப்படித்தான். மின் உலர்த்தியை நான் அறவே ஒதுக்கியிருந்தேன். 2011 இல் கொரியாவில் வெளியான ஆய்வு ஒன்றைப் படித்தபின் கருத்தை மாற்றிக்கொண்டேன். 15 செ.மீ. தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே உலர்த்தும்போது, தானாகக் காயவிடுவதைவிட முடிக்குள் நேரும் பாதிப்புக் குறைவு என்று அதில் கண்டிருக்கிறார்கள். நெடுநேரம் ஈரத்தில் ஊறிக்கிடப்பதும் ஒரு கேடு.

வீட்டு மருந்துகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் இலைத்தூளான எங்கள் பக்கத்து அரப்பு நல்ல பொருள். ஆனால் தூளை அப்படியே தேய்த்தால் அதன் நறநறப்பு செதில்களை உரசும். வடிகஞ்சியில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அந்தத் தெளிவை மட்டும் ஊற்றினால் முடி மென்மையாக இருக்கிறது. சீயக்காய் என் கேடுற்ற பகுதியை மிகவும் வறளச் செய்தது. புதிதாக வளர்ந்த பகுதிக்கு ஒத்துக்கொண்டது. முட்டையைத் தடவுவதால் புரதம் உள்ளே போவதில்லை, அதன் மூலக்கூறு மிகப் பெரியது. சமையல் சோடா, துணிச் சோப்பு போன்ற காரப்பொருள்கள் செதில்களைத் திறந்துவிடும். அவற்றைத் தலைக்குக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது.

வெட்டுவதைப் பற்றித்தான் மிகவும் தயங்கினேன். 2020 சூனில் அம்மா என் கூந்தலைத் தோள்பட்டைக்கு மேலே வெட்டினார். அப்போதும் மேலே முளைத்திருந்தது 13 செ.மீ. தான், மற்றதெல்லாம் பழைய முடி. அதன்பின் பத்து வாரத்துக்கு ஒரு முறை இரண்டு செ.மீ. வெட்டிக்கொண்டேன். சுருண்டு வரும் புது முடியும் நேரான பழைய முடியும் சந்திக்கும் இடம் மிகவும் பலவீனமானது. அங்கே இரப்பர் வளையம் பட்டால் போதும், முறிந்துவிடும். ஆகவே வளையத்துக்குப் பதில் பருத்தித் துணி நாடா கட்டினேன். கட்டும் உயரத்தை நாளுக்கு நாள் மாற்றினேன். வண்டி ஓட்டும்போது தலைக்கவசத்துக்குள் மெல்லிய துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டேன். கடைசிப் பழைய முடி 2022 நவம்பரில் வெட்டப்பட்டது. தோளுக்குச் சற்றுக் கீழே, முழுவதும் என் சொந்தச் சுருள்.

போன ஆண்டு சித்தி மகள் தன் திருமணத்துக்கு முடியை நேராக்கிக்கொள்ள விரும்பி என்னிடம் கேட்டாள். செய்யாதே என்று நான் சொல்லவில்லை. அந்த ஆசை எனக்கும் இருந்ததுதான். பூசப்போகும் பொருளின் பெயரையும் அதன் உட்பொருள்களையும் கேட்டு வாங்கு என்றேன். கெரட்டின் சிகிச்சை என்ற பெயரில் செய்யப்படுவனவற்றில் சில சூடுபடும்போது ஃபார்மால்டிஹைடை வெளிவிடுகின்றன, அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலப் பூச்சுகளுக்குப் பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் வந்திருக்கின்றன. பிறகு அவள் தலையிலிருந்து தானாக விழுந்த முடி ஒன்றை எடுத்துக் கிண்ணத்து நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்தோம். இரண்டு கைகளாலும் மெல்ல இழுத்தாள். நல்ல முடியென்றால் சற்று நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பும். அவள் ஆறு மாதத்துக்கு முன் சாயம் ஏற்றியிருந்த பகுதி நீண்டது, திரும்பவில்லை, ஈர நூல்போலத் துவண்டு நின்றது. வேரை ஒட்டிய பகுதி சரியாகத் திரும்பியது. இரண்டையும் மாறி மாறி மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப வேண்டாங்க்கா" என்றாள்.

முகூர்த்தத்தன்று அவளுடைய சடையை நான்தான் பின்னினேன். முதல் நாள் இரவே நீளத்தில் எண்ணெய் வைத்து, காலையில் அலசி, நுனியிலிருந்து சாண் சாணாகச் சிக்கெடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. சித்தி இரண்டு முறை வந்து நேரமாகிறது என்றார். சீப்பில் ஒன்பது முடிகள் இருந்தன. ஒன்பதிலும் குமிழ் இருந்தது.